கொஞ்ச நாளைக்கு என்று வந்த மரங்கள்

2012ஆம் ஆண்டு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஆண்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், வண்ணாத்திவில்லுக்கு அப்பால் காட்டோரத்தில் நின்ற மரங்கள் வேர்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, புத்தளம் களப்பை நடந்தே கடந்து, பள்ளிவாசல்துறைக்கு வந்து சேர்ந்தன. அன்று சோளகக் காற்று பலமாக இருந்தது. சின்ன வெங்காயத்தின் விலை இறங்கியிருந்தது. களப்பில் தண்ணீர் பெரிய பாலை மரங்களுக்கு இடுப்பளவும், வீரைக்கும் முதிரைக்கும் நெஞ்சளவும் இருந்தது. முன்னால் பாலைகள் வந்தன, நடுவில் செடிகொடிகள், கடைசியாகத் தேன்கூடு ஒன்றைச் சுமந்தபடி மெல்ல மெல்ல ஒரு நாவல். மந்திகள் கிளைகளை விட்டு இறங்கவில்லை. மயில்கள் கொஞ்சத் தூரம் பறப்பதும், பிறகு ஏதாவதொரு மரத்தின் உச்சியில் இளைப்பாறுவதுமாக வந்தன. ஆக்களைப் போலவே மரங்களும் புறப்படும்போது தேவையில்லாததை எல்லாம் தூக்கிக்கொண்டுதான் வந்தன என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்; ஒரு முதிரை தன் பட்டுப்போன கிளை ஒன்றையும் விடாமல் கொண்டுவந்திருந்தது.

அந்த நேரம் களப்பில் நின்றவர் பத்திநாதர் ஒருவர்தான். கண்டக்குழிக் கத்தோலிக்கர், நண்டு வலை எடுக்க வந்திருந்தார். 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து கடலால் வந்த முஸ்லிம் சனத்தைக் கரை சேர்த்த வள்ளங்களில் அவருடையதும் ஒன்று. அதனால் அவருக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. தண்ணீரில் நிலைகொள்ள முடியாத இளங்கன்றுகளை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வள்ளத்தில் வைத்தார். குட்டியோடு நின்ற மந்தியொன்றுக்கும் இடம் கொடுத்தார். பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "தொண்ணூறில மனுசர் கேட்டதுகள், ஏத்தினன். இப்ப மரம் கேக்குது. ஏத்தாமல் விடேலுமே?" அன்று வலையில் நண்டு ஒன்றும் படவில்லை என்பதை மட்டும் கொஞ்சம் வருத்தத்தோடு சேர்த்துக்கொள்வார்.

மரங்கள் சும்மா கிளம்பவில்லை. அவற்றைக் கிளம்பச் சொன்னவன் நஸீம். மன்னார் முசலிப் பக்கத்துக் கடலோர ஊரொன்றில் பிறந்து, 1990இல் பத்து வயதில் பெற்றோருடனும் ஊர் முஸ்லிம்கள் எல்லோருடனும் ஆயுதக்காரர்களால் வெளியேற்றப்பட்டு, பள்ளிவாசல்துறை முகாமில் வளர்ந்தவன். மேசன் வேலைக்குக் கல் தூக்கிக் கொடுக்கப் போய், மேசனாகி, யுத்தம் முடிந்து கட்டடங்கள் எழும்பத் தொடங்கிய காலத்தில் வேலைத்தல மேற்பார்வையாளனும் ஆகிவிட்டான். காட்டோரத்தில் பொதுமக்களுக்கான உயிர்ப் பல்வகைமைத் தகவல் நிலையம் ஒன்றைக் கட்ட வெளிநாட்டுத் திட்டமொன்று முன்வந்தபோது அந்த வேலை அவன் கைக்கு வந்தது. காட்டைப் பற்றிச் சனத்துக்கு விளங்கப்படுத்த ஒரு மண்டபம், படம் காட்ட ஓர் அறை, மலசலகூடம், ஒரு சிற்றுண்டிச்சாலை. இதற்கெல்லாம் இடம் வேண்டும், இடத்தில் மரங்கள் நின்றன. காட்டைக் காட்டுவதற்காகக் காட்டை வெட்டுவதில் உள்ள கோணல் யாருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் வரைபடத்தில் கட்டடத்தைச் சுற்றிப் பச்சை மையில் ஒரு வட்டம் போட்டிருந்தது. மரங்கள் அங்கே மீண்டும் வரும் என்று எல்லோரும் அந்தப் பச்சையைக் காட்டி ஆறுதல்பட்டார்கள்.

முசலிப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய மரமொன்றைத் தறிக்கும் முன் அதன் அடியில் கை வைத்து ஸலாம் சொல்லி, அதில் குடியிருக்கும் ஜின்னும் பறவையும் எறும்பும் வேறிடம் பார்க்கட்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் தறித்தால் தறித்தவன் வீட்டில் அமைதி இருக்காது. நஸீமின் வாப்பா சொல்லாமல் ஒரு கிளையைக்கூட வெட்டியதில்லை. நஸீமும் சொல்ல நினைத்தான். மரங்களோ கணக்கில் அடங்காதவை. பிற்பகலே மரம் தள்ளும் இயந்திரம் வருவதாக இருந்தது, ஜும்ஆவுக்கும் நேரமாகிக்கொண்டிருந்தது. அவன் புத்தளத்திலிருந்து ஒலிபெருக்கி பூட்டிய முச்சக்கர வண்டியொன்றைக் கூப்பிட்டு, காட்டை நோக்கி அதைத் திருப்பி நிறுத்தி, ஒரேயடியாகச் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தான். ஒலிவாங்கியைக் கையில் எடுத்ததும் அவனுக்குச் சொந்தமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. பத்து வயதில் தன் ஊர் ஒழுங்கையில் ஒலிபெருக்கியில் கேட்ட வார்த்தைகள்தான் வந்தன.

"எல்லாரும் கவனமாக் கேளுங்க. இந்த எல்லைக்குள்ள இரிக்கிற எல்லாரும் உடனடியா வெளியேறோணும். கையில எடுக்கக்கூடியத மட்டும் எடுத்துக்கிட்டுப் போங்க."

அன்று அவன் வெறுத்த அந்த ஒலிபெருக்கிக் குரலே தன் வாயிலிருந்து வருவதை நஸீம் கேட்டான். அதை மென்மையாக்க வேண்டும் என்று நினைத்தான். அவன் மனம் நல்ல மனம்; எங்களுக்கு வந்த தொல்லைகளில் பாதி நல்ல மனங்களால் வந்தவைதான். ஒலிவாங்கியை மீண்டும் வாயருகே கொண்டுபோய் இன்னொரு வசனத்தையும் சேர்த்தான். "கொஞ்ச நாளைக்கித்தான். வேல முடிஞ்சதும் திரும்பி வந்திரலாம்." அந்த வசனம் ஒலிபெருக்கியில் கேட்டதல்ல. ஊரை விட்டுப் புறப்படும்போது, புதுப் பந்தைக் கொண்டுவர வேண்டும் என்று அழுத மகனிடம் வாப்பா சொன்னது. பந்தைத் திண்ணை மூலையில் ஒளித்து வைத்துவிட்டு வரும்படியும், வந்து விளையாடலாம் என்றும் சொன்னார். வாப்பா இப்போது பள்ளிவாசல்துறை மையவாடியில் அடங்கியிருக்கிறார்.

ஜும்ஆ முடிந்து நஸீம் திரும்பியபோது காட்டோரத்தில் ஒரு மரமும் இல்லை. வேர் எழும்பிய குழிகள்கூட இல்லை. மரங்கள் போகும்போது மண்ணைக் கூட்டி மூடிவிட்டுப் போயிருந்தன. இயந்திரக்காரர் தனக்கு வேலையில்லை என்று கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார். நஸீம் இதை அதிர்ஷ்டம் என்றே எடுத்துக்கொண்டான், அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னான். பின்னேரம் மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பியபோதுதான் தன் வீட்டு வளவு முழுக்க இருட்டாக இருப்பதைக் கண்டான். வாசலில் பெரிய பாலை நின்றது. கிணற்றடியில் இரண்டு வீரைகள் ஒதுங்கி நின்றன. அவனுடைய உம்மா நஃபீஸா அவற்றுக்கு நடுவே வாளியும் கையுமாக நின்று எல்லோருக்கும் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. நிக்கிறதுக்கு இடமிரிக்கி. கொஞ்ச நாளைக்கித்தானே," என்று அவர் மரங்களிடம் சொன்னது நஸீமின் காதில் விழுந்தது. அவன் மோட்டார்சைக்கிளை நிறுத்தாமல் அப்படியே கடைத்தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இனி அந்த உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நஃபீஸா பள்ளிவாசல்துறைக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும் வளவில் ஒன்றையும் நடவில்லை. ஓலைக் கொட்டில் தகரக் கொட்டிலாகி, தகரம் கல்வீடாகியும், போகப்போகிற ஆக்களுக்குத் தென்னை எதற்கு என்றே கேட்பார். கறிக்கு வேண்டுமே என்று ஒரேயொரு கறிவேப்பிலையை மட்டும் வைத்திருந்தார், அதையும் பழைய பெயின்ற் வாளியில். வாளி என்றால் போகும்போது தூக்கிக்கொண்டு போகலாம். செடி பெருக்கப் பெருக்க வாளியும் மாறிக்கொண்டே வந்தது. கணவர் சொன்ன "கொஞ்ச நாள்" அவருக்கு இன்னும் முடியவில்லை. கணவர் மௌத்தான பிறகும் அந்த வார்த்தை மட்டும் வீட்டில் உயிரோடு இருந்தது.

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் நஸீம் தனியாகப் போய் ஊரைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஊர் இருந்த இடத்தில் காடு இருந்தது. தங்கள் வீட்டை அவன் கிணற்றுக் கட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தான். அடுப்படி இருந்த இடத்தில் ஒரு வீரை நின்றது, நல்ல செழிப்பான மரம். கொண்டுபோன கோடரியோடு அதன் முன்னால் குந்திக்கொண்டிருந்தவனுக்கு அதை வெட்ட மனம் வரவில்லை. அது அங்கேயே பிறந்தது, அதற்கு வேறு ஊர் தெரியாது. ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். உம்மாவிடம் கிணறு துப்பரவாக்க வேண்டும், அது முடிந்ததும் போவோம் என்று சொன்னான். ஒவ்வொரு நோன்புப் பெருநாளிலும் உம்மா கிணற்றைப் பற்றிக் கேட்பார், அவனும் இன்னும் சேறு இருப்பதாகச் சொல்வான்.

மரங்களைப் பள்ளிவாசல்துறை நன்றாகத்தான் ஏற்றுக்கொண்டது. அகதிகளை ஏற்றுப் பழகிய ஊர் அது. ஒவ்வொரு வளவிலும் இரண்டொன்றுக்கு இடம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டுத் திடலில் கொஞ்சம், மீன் வாடிக்குப் பின்னால் கொஞ்சம். மந்திகளால் கொஞ்சம் தொல்லை இருந்தது, அதற்கும் பழகிக்கொண்டார்கள். தண்ணீருக்கு மட்டும் சண்டை வந்தது. நஸீமின் பக்கத்து வளவுக்காரி சித்தி லெய்லா, பரம்பரையாகப் பள்ளிவாசல்துறையில் இருப்பவர், கிணற்றடியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்துவார். "தொண்ணூறிலயும் இப்படித்தான் கொஞ்ச நாளைக்கின்னு வந்தீங்க. கெணத்தக் குடுத்தேன். இன்னும் அள்ளுறீங்க. இப்ப மரமும் வந்து நிக்கிது!" கத்தி முடித்துவிட்டு அவரே கப்பியைப் பிடித்து அள்ளி ஊற்றுவார்.

தகவல் நிலையம் 2014இல் திறக்கப்பட்டது. மிகவும் அழகான கட்டடம், குறை சொல்ல முடியாது. அதற்குப் பொறுப்பாக வவுனியாவிலிருந்து பிரியதர்சினி என்ற இளம் அதிகாரி வந்திருந்தார். தாவரவியல் படித்தவர், சிரித்த முகம். மூன்று மொழிகளிலும் அவர் எழுதுவித்த விளக்கப் பலகைகளில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பாலை, வீரை, முதிரை, நாவல் என்று ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி போட்ட படம். யன்னலைத் திறந்தால் எதிரே வெட்டவெளி, அதற்கு அப்பால் தூரத்தில்தான் மிச்சக் காடு.

"நஸீம் அண்ணா, மரம் இல்லாமல் மரத்தைப் பற்றி எப்பிடி விளங்கப்படுத்துறது?" என்று அவர் கேட்டார்.

"போட்டோ இரிக்கிதானே மிஸ்," என்றான் நஸீம். சொன்னதுமே அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

அதற்கு முந்திய மாதம்தான் பச்சை மை வட்டம் வாகனத் தரிப்பிடமாக மாறியிருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸில் வருவார்கள், பஸ் திருப்ப இடம் வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். நஸீம் மறுத்துப் பேசவில்லை. கொங்கிறீட் போட்ட நாள் முழுவதும் அவன்தான் கிட்ட நின்று தண்ணீர் அளவு பார்த்தான். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவன் பழக்கம், அதனால் அந்தக் கொங்கிறீட்டில் ஒரு வெடிப்பும் விழவில்லை. பிறகு அவன் தன் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே அதைத்தான் அதிகம் சபித்தான்.

திறப்பு விழாவுக்கு வந்த பெரியவர் நாடாவை வெட்டியதும் முதலாவதாக உள்ளே போனது ஒரு கரடி. மரங்கள் கிளம்பிய வெள்ளிக்கிழமை அது தூரத்தில் எங்கோ புற்றுக் கிண்டிக்கொண்டிருந்ததால் அறிவித்தலைக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது தன் பாலை மரங்களைக் காணாமல், இத்தனை நாளும் அங்குமிங்கும் தேடித் திரிந்திருக்கிறது. யாரையும் பொருட்படுத்தாமல் அது பலகை பலகையாகப் பார்த்துக்கொண்டு போய், பாலைப்பழத்தின் படத்துக்கு முன்னால் சப்பணம் கொட்டி உட்கார்ந்தது. பெரியவர் தன் உரையைச் சுருக்கிக்கொண்டார். அன்றிலிருந்து கரடி நாள்தோறும் நிலையம் திறக்கும் நேரத்துக்கு வந்து, மூடும் நேரத்துக்குப் போயிற்று. பிரியதர்சினி காலையில் முதல் வேலையாக அந்தக் கண்ணாடியில் அதன் மூக்கு பட்ட ஈரத்தைத் துடைப்பார். துடைக்கும்போது சில நாட்களில் அவருக்கு அழுகை வந்துவிடும். தானும் இந்தச் சம்பளத்தில்தானே சாப்பிடுகிறேன் என்று நஸீமிடம் ஒருமுறை சொன்னார்.

மரங்களின் வருத்தம் ஊரார் கண்ணில் பட்டது அதற்குப் பிறகுதான். வந்த முதல் வருடம் யாருக்கும் விளங்கவில்லை. இடம் மாறினால் இலை உதிரத்தான் செய்யும் என்றார்கள். அடுத்த பாலைப்பழக் காலத்தில் ஒரு பூவும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. மழை பொய்த்த 2016இல் மீன் வாடிக்குப் பின்னால் நின்ற முதிரைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. சாய்ந்தபோதுதான் ஊரார் அவற்றின் அடியைப் பார்த்தார்கள். வேர் ஒன்றுகூட மண்ணுக்குள் இறங்கியிருக்கவில்லை. வந்த அன்று சுருட்டிய மாதிரியே, எந்த நேரமும் எழுந்து நடக்க வசதியாக, மடித்து வைத்தபடியே இருந்தன. இத்தனை நாளும் அவை மணலின் மேல் சும்மா நின்றுகொண்டிருந்திருக்கின்றன. ஊற்றிய தண்ணீரை நுனியால் நனைத்துக்கொண்டதோடு சரி.

சித்தி லெய்லா சாய்ந்த முதிரையின் வேரைத் தடவிப் பார்த்துவிட்டு நஸீமிடம் சொன்னார். "வேர வெக்க மாட்டேங்குதே மகன். ஒங்க உம்மா மாதிரியே."

அவர் அதைக் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் நஸீமுக்கு அப்போதுதான் விளங்கியது. வெளியேறச் சொன்னது ஒலிபெருக்கி. வேர் விடாமல் செய்தது ஒலிபெருக்கி அல்ல, அந்தக் கடைசி வசனம். அவன் இரக்கப்பட்டுச் சேர்த்த வசனம். வெறுமனே போகச் சொல்லியிருந்தால் அவை போன இடத்தில் கோபத்தோடாவது வேர் ஊன்றியிருக்கும். திரும்பி வரலாம் என்று சொன்னதால் காத்துக்கொண்டு நிற்கின்றன, நின்றபடியே சாகின்றன. அதைத் தீர்க்க ஒரேயொரு வழிதான் இருந்தது, சொன்ன வாயாலேயே அது நடக்காது என்று சொல்ல வேண்டும். ஆனால் வாசலில் நிற்கும் பாலைக்குக் கேட்கச் சொன்னால் அடுப்படியில் நிற்கும் உம்மாவுக்கும் கேட்கும். அதற்குத்தான் அவன் பயந்தான். உம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவருக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் கொஞ்ச நாள் ஒன்றுதான். அதையும் பிடுங்கினால் அவர் இந்த முதிரை மாதிரிச் சாய்ந்துவிட்டால் என்ன செய்வது?

இப்படி யோசித்து யோசித்து அவன் மெலிந்தான். சாப்பாட்டில் மனம் செல்லவில்லை. அதற்குள் விளையாட்டுத் திடலில் நின்ற நாவலும் சாய்ந்தது, அதன் தேன்பூச்சிகள் போக்கிடம் இல்லாமல் பள்ளிக்கூட ஓட்டில் தொங்கின. நஸீம் கண்டக்குழிக்குப் போய்ப் பத்திநாதரைக் கண்டான், வள்ளம் இரவலாகக் கிடைக்குமா, மரங்களைக் களப்பால் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டான். பத்திநாதர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்டார்.

"அனுப்பலாம் தம்பி. இறக்கிறதுக்கு அங்க இடம் இருக்கே?"

நஸீம் வள்ளத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த மீன் செதிலைச் சுரண்டினான்.

"எனக்குத் தெரிஞ்சு, நடுக்கடலில வச்சு ஏமாத்துறதைவிடக் கரையில வச்சே உண்மையைச் சொல்லிப்போடுறது நல்லது," என்றார் பத்திநாதர். சொல்லிவிட்டு வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவனைப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, அதே முச்சக்கர வண்டி பள்ளிவாசல்துறைக்கு வந்தது. நஸீம் அதைத் தன் வீட்டு ஒழுங்கை முனையில் நிறுத்தச் சொன்னான். அவன் கையில் எடுத்ததும் ஒலிவாங்கி இரண்டொரு முறை கீச்சிட்டது. ஊர் வாசல்களுக்கு வந்து நின்றது. மரங்களில் காற்று இல்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் நஸீம் பேசுறன். அண்டைக்கி உங்கள எழும்பிப் போகச் சொன்னது நான்தான். கொஞ்ச நாளைக்கின்டு சொன்னதும் நான்தான். அது பொய். உங்கட இடத்தில இப்ப கொங்கிறீட் இரிக்கி, அதப் போட்டதும் நான்தான். உங்களத் திரும்பக் கூட்டிக்கிட்டுப் போற யோசன யார்ட்டயும் இல்ல. இனிக் காத்துக்கிட்டு நிக்காதீங்க. இங்க நிக்கிற ஆக்கள் வேர விடுங்க. இல்ல, போகத்தான் வேணுமின்டா, போய் அந்தக் கொங்கிறீட்ட உடைச்சிக்கிட்டு நில்லுங்க. நான் மறிக்க மாட்டன்."

ஒலிவாங்கியைக் கீழே வைத்தான். வைத்த கையாலேயே மறுபடியும் எடுத்தான்.

"உம்மா, உங்களுக்கும்தான் சொல்லுறன். கிணத்தில சேறு இல்ல. நம்மட அடுப்படியில ஒரு வீரை நிக்கிது. நான் கண்டன். எனக்கு வெட்ட ஏலாமப் போச்சி. நாம போக மாட்டம் உம்மா."

நஃபீஸா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். மகனைப் பார்க்காமல் நேரே கறிவேப்பிலை வாளியிடம் போனார், அதைப் பக்கவாட்டில் சாய்த்தார், தேங்காய் வெட்டும் கத்தியால் வாளியை மேலிருந்து கீழாகக் கிழித்தார். வாளி கழன்று விழுந்தது, ஆனால் வேர்கள் வாளியின் வடிவத்திலேயே, உருண்டு திரண்டு, வெறும் வேராகவே நின்றன. ஒரு துளி மண்கூட அதற்குள் மிச்சமில்லை. அவர் அதைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் பேசினார்.

"இத உங்கட வாப்பா எனக்கிச் சொல்லியிருந்தா, நான் அண்டைக்கே ஒரு தென்னம்புள்ள வெச்சிருப்பேனே மகன். இப்ப அது எத்தின குல போட்டிரிக்கும்."

அவர் அழவில்லை. அழுதது நஸீம்தான், ஒலிவாங்கியை நிறுத்த மறந்துவிட்டதால் அதுவும் ஊருக்கே கேட்டது. சித்தி லெய்லா வந்து அதைப் பிடுங்கி நிறுத்தினார். பிறகு தன் மண்வெட்டியைக் கொண்டுவந்து, கிணற்றடியில் ஈரமான இடமாகப் பார்த்து, நஃபீஸாவுக்குக் குழி வெட்டிக் கொடுத்தார்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும் நேரம் முதலாவது வேர் இறங்கியது. வாசலில் நின்ற பெரிய பாலைதான் தொடங்கியது. கிணற்றில் கயிறு விடுவது போன்ற சத்தம் கேட்டதாகப் பக்கத்து வளவார் சொல்கிறார்கள். பிறகு அடுத்த வளவில், பிறகு பள்ளிக்கூடத்தில். எல்லா மரங்களும் இறங்கவில்லை. வீரைகளில் சில ஒன்றுக்கொன்று ஒட்டி நின்று யோசித்தன, பிறகு வந்த வழியே களப்புக்குள் இறங்கின. அவை போகும்போது, தாங்கள் கொண்டுவந்த விதையிலிருந்து இங்கே முளைத்த கன்றுகளைக் கூப்பிட்டுப் பார்த்தன என்றும், கன்றுகள் அசையவில்லை என்றும் பத்திநாதர் சொன்னார். கன்றுகளுக்கு இதுதானே ஊர். ஒரே குடும்பத்தில் பாதி மன்னாரிலும் பாதி புத்தளத்திலுமாக இருப்பது எங்கள் பக்கத்தில் புதிய விடயம் அல்ல.

திரும்பிப் போன மரங்கள் வாகனத் தரிப்பிடத்தின் நடுவில் ஏறி நின்றன. ஒரு வெடிப்பும் இல்லாத அந்தக் கொங்கிறீட் நனைந்த பாண் துண்டு பிய்வது போலப் பிய்ந்தது. விசாரிக்க வந்த அதிகாரிகளிடம் பிரியதர்சினி மிகவும் பணிவாக, உயிர்ப் பல்வகைமை நிலையத்துக்கு மரம் வந்தால் எந்தச் சட்டத்தில் தடுப்பது என்று கேட்டார். அவர்கள் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள், இன்னும் யோசிக்கிறார்கள். பஸ்கள் இப்போது வீதியோரத்தில் நிற்கின்றன. நஸீமின் மேற்பார்வையாளர் வேலை போய்விட்டது. அதை அவன் எதிர்பார்த்துத்தான் இருந்தான். திரும்பவும் மேசன் வேலைக்குப் போகிறான். கொங்கிறீட் போடக் கூப்பிட்டால் மட்டும் போவதில்லை.

பாலை, வீரை, முதிரை, நாவல் எல்லாவற்றின் பலகைகளுக்கும் அடியில் பிரியதர்சினி முன்னர் ஒரு வரி எழுதியிருந்தார், இம்மரங்கள் தற்காலிகமாகப் பள்ளிவாசல்துறையில் வசிக்கின்றன என்று. நஸீமின் அறிவித்தலைக் கேள்விப்பட்ட பிறகு அவர் அந்தப் பலகைகளில் "தற்காலிகமாக" என்பதை மூன்று மொழிகளிலும் சுரண்டி எடுத்துவிட்டார். மறுநாள் காலை கரடி வந்து வழமை போல் பாலைப்பழத்தின் முன்னால் உட்கார்ந்தது, கொஞ்ச நேரம் பார்த்தது, எழுந்து போனது. பிறகு அது நிலையத்துக்கு வரவே இல்லை. அடுத்த வருடம் பாலைகள் காய்த்தபோது அது பாலாவிச் சந்தியைத் தாண்டிக் கல்பிட்டி வீதியால் நடந்து வந்தது. பஸ்காரர்கள் ஒலி எழுப்பாமல் வழிவிட்டார்கள். இப்போதும் ஒவ்வொரு வருடமும் வருகிறது. யார் வளவுக்கு எப்போது போவது என்பதில் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு, அந்த நாளில் பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்கிறார்கள்.

நஸீம் முதல் வருடப் பழத்தைத் தொடவில்லை. வாசல் பாலை கொட்டோ கொட்டென்று கொட்டியது, அவன் அதை மிதிக்காமல் சுற்றிப் போனான். இரண்டாம் வருடம், நஃபீஸா ஒரு கோப்பை நிறையப் பொறுக்கி, கழுவி, கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் நட்ட தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மகனின் கையில் கொடுத்தார். "தின்னு. அது உனக்கித்தான் போடுது," என்றார். அவன் நின்றபடியே தின்றான். இனிப்பு என்றால் அப்படி ஓர் இனிப்பு. அடக்க முடியாமல் கோப்பை காலியாகும் வரை தின்றுவிட்டான்.

பாலைப்பழத்தில் பால் இருக்கிறது, அதிகம் தின்றால் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடயம் இது. தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும். உம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். நஸீம் கையை அசைத்து வேண்டாம் என்றான். அந்த வாய் கொஞ்ச நேரம் மூடியிருக்கட்டும் என்று நினைத்தான் போலும். உம்மா போத்தலைக் கதிரையில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அஸர் வரைக்கும் இருவரும் பாலையின் அடியில் ஒன்றும் பேசாமல் இருந்தார்கள்.